விடுபட்ட வரி

தமிழில் ஈரல் மூன்று: கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். உடலில் வெவ்வேறு தொழில் செய்யும் உறுப்புகளை நம் முன்னோர் ஒரே குடும்பமாகக் கண்டு, கல், மண், நுரை என்று அடைமொழியை மட்டும் மாற்றி வைத்தார்கள். அச்சம் மிகும்போது ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்கிறோம். எந்த ஈரல் என்று சொல்வதில்லை. கலைச்சொற்களைப் பற்றி வகுப்பில் பேச நேரும்போதெல்லாம் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லி மாணவர்களை வியக்க வைப்பது எங்கள் வழக்கம். நாங்களே அதன் பொருளை உணர்ந்தது 2021ஆம் ஆண்டு மே மாதத்தில்தான்.

கொரோனாவின் இரண்டாம் அலை அப்போது சென்னையைப் புரட்டிக்கொண்டிருந்தது. மே 10 முதல் முழு ஊரடங்கு. மயிலாப்பூர் மாட வீதிகளில் காய்கறிக் கடைகள்கூட இல்லை. நகரம் முழுவதும் நுரையீரலைப் பற்றியே பேசியது. ஸ்கேன் படத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பாதிப்பு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு என்பவையே குசலம் விசாரிக்கும் சொற்களாகிவிட்டன. எங்கள் மாமாவுக்கு 66 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஏழு நாள் காய்ச்சலுக்குப் பின் ஆக்சிஜன் 90க்குக் கீழே இறங்கியதும் அடையாற்றில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பார்வையாளருக்கு அனுமதியில்லை. மாலை ஆறு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பு ஒன்றுதான் அவருக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த பாலம்.

ஐந்தாம் நாள் அழைப்பில் பேசியவர் இளம் பெண் மருத்துவர். ஆக்சிஜன் தேவை குறைந்து வருகிறது என்றார். நாங்கள் பெருமூச்சு விடுவதற்குள், கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கின்றன என்றார். 40ஐ ஒட்டி இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. 210, எஸ்.ஜி.ஓ.டி. 186.

அருகில் இருந்து கேட்ட அத்தைக்கு முதலில் வந்தது கவலையன்று, கோபம். “அவர் ஒரு நாள்கூடக் குடிச்சதில்லையே, யாரைப் பார்த்து என்ன சொல்றாங்க?” என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் வீடுகளில் கல்லீரல் கெட்டது என்றால் ஒன்று குடி, இல்லையேல் மஞ்சள் காமாலை. மாமாவின் கண்கள் மஞ்சளாகவில்லை என்று செவிலியர் சொன்னார். குடியும் இல்லை, காமாலையும் இல்லை என்றால் வேறென்ன?

பின்னர் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டவை இவை. கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுவது அரிதான செய்தியே அல்ல. 2020இன் தொடக்கத்தில் சீனாவிலிருந்து வந்த அறிக்கைகளைத் தொகுத்தவர்கள், நோயாளிகளில் 14 முதல் 53 விழுக்காட்டினருக்கு இது காணப்பட்டதாக எழுதினார்கள். பெரும்பாலோருக்கு ஏற்றம் சிறிது. நோய் தணியத் தானே இறங்கிவிடும். காமாலையாக வெளித்தெரிவது குறைவு. இரத்தப் பரிசோதனைத் தாளில் எண்ணாக மட்டுமே இருக்கும்.

காரணம் ஒன்றன்று. கிருமி உயிரணுவுக்குள் புகப் பயன்படுத்தும் வாயில் கல்லீரலின் பித்தநாளச் சுவரிலும் உண்டு. கிருமியை எதிர்க்கக் கிளம்பும் அழற்சி, எல்லை மீறினால் தன் வீட்டையே எரிக்கும். ஆக்சிஜன் குறைவும் ஒரு காரணம். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை இரத்தம். அதில் ஆக்சிஜன் முன்பே குறைவு. நுரையீரல் தளர்ந்தால் கல்லீரல் பட்டினி கிடக்கும். நுரைக்கும் கல்லுக்கும் உறவு சொன்ன நம் மொழி தவறு செய்யவில்லை என்று அப்போது தோன்றியது. இவற்றோடு, சர்க்கரை நோயாளிகள் பலருக்கு அவர்கள் அறியாமலே கல்லீரலில் படிந்திருக்கும் கொழுப்பு. கடைசியாக, மருந்துகள்.

அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் மருத்துவர் துருவினார். மாமாவுக்கு ரெம்டெசிவிர் மூன்று நாள் ஏறியிருந்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்று வாங்கிய அதே மருந்து. அதுவே நொதிகளை ஏற்றக்கூடியது. இயல்பின் ஐந்து மடங்கைத் தாண்டியவர்களுக்கு அதைத் தரலாகாது என்பது அன்றைய அரசு நெறிமுறை. 40இன் ஐந்து மடங்கு 200, மாமா 210. “இதை நிறுத்திட்டேன். ஆனா இது மட்டும்தானா காரணம்னு தெரியணும். வீட்ல என்னென்ன சாப்பிட்டார், எழுதி அனுப்புங்க” என்றார்.

அன்றிரவு அத்தையும் நாங்களும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினோம். காய்ச்சலுக்கு அத்தை கொடுத்தது 650 மில்லிகிராம் பாராசிட்டமால், நாளுக்கு நான்கு. சளிக்கு நாங்கள் வாங்கித் தந்தது மூன்று வேளை மாத்திரை. அதன் அட்டையைத் திருப்பிப் படித்தபோது, அதிலும் பாராசிட்டமால், ஒவ்வொன்றிலும் 500. கூட்டிப் பார்த்தோம்: 2,600 உடன் 1,500. நாளுக்கு 4,100 மில்லிகிராம். நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கே உச்ச வரம்பு 4,000. அத்தைக்கு எங்கள் மாத்திரை தெரியாது. எங்களுக்கு அத்தையின் மாத்திரை தெரியாது. இரண்டு அன்புகளையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை; கல்லீரல் மட்டும் கூட்டிக்கொண்டிருந்தது.

பட்டியலை அனுப்பினோம். ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

தி.நகரில் இருக்கும் உறவினர் ஒருவர் சீந்தில் பொடி கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு மாதமாக மாமா காலை மாலை வெந்நீரில் கலந்து குடித்து வந்தார். அதோடு கபசுரக் குடிநீரும். அதன் பதினைந்து சரக்குகளில் சீந்திலும் ஒன்று என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மறந்துபோய் விடவில்லை, தெரிந்தே விட்டோம். மருத்துவர் ஏளனமாகச் சிரிப்பார் என்ற கூச்சம் ஒரு பங்கு. சித்தர் மரபைப் பற்றி மேடையில் பெருமை பேசுகிறவர்கள் அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்ற வீம்பு மறு பங்கு. நோயாளியின் உயிரைவிட எங்கள் மானம் பெரிதாகிவிட்டது என்பதை இன்று எழுதவும் கை கூசுகிறது.

மறுநாள் மருத்துவர் மீண்டும் கேட்டார். இல்லை என்றோம். அதற்கடுத்த நாள் எண் 260 ஆனது. மூன்றாம் முறை கேட்டபோது அவர் குரலில் சலிப்பு இல்லை. “கஷாயம், பொடி, லேகியம், எதுவானாலும் சொல்லுங்க சார். நான் திட்ட மாட்டேன். எங்க வீட்லயும் கபசுரம் குடிச்சோம்.” அதற்குப் பிறகுதான் சொன்னோம்.

அவ்வாண்டு ஜூலையில் மும்பை மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் உட்கொண்ட ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு வந்ததையும் அவர்களில் ஒருவர் இறந்ததையும் அது பதிவு செய்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் உண்டது சீந்தில்தானா, அதைப் போலவே தோன்றும் வேறொரு கொடியா என்று உறுதி செய்யவில்லை என்றது. 2022இல் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் இயல்புடையவர்களுக்குச் சீந்தில் அந்தத் தாக்குதலைத் தூண்டிவிடலாம் என்பது அவர்கள் கருத்து. எதிர்ப்பாற்றல் பெருக வேண்டும் என்றுதான் நாம் அதைக் குடித்தோம்.

இதைச் சொல்வதால் மூலிகைக்கு எதிராக நிற்கிறோம் என்று கொள்ள வேண்டாம். அடையாற்றை அடுத்த தரமணியில், சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் பணியாற்றிய எஸ்.பி. தியாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் கீழாநெல்லியைச் சோதித்து ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. உண்ணாத 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆயினும் அந்த முயற்சியின் மேல் எங்களுக்குள்ள மதிப்பு குறையவில்லை. பாட்டி வைத்தியத்தை மறைக்காமல், எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதி உலகின் முன் வைத்தார்கள். நாங்கள் ஒரே ஒரு மருத்துவரின் முன் ஒரு வரியை வைக்கத் தயங்கினோம்.

மாமாவின் எண்கள் இறங்கின. பத்து நாளில் 120. ஆறு வாரத்தில் 38. எதனால் ஏறியது என்று இறுதிவரை யாராலும் சொல்ல இயலவில்லை. கிருமியா, ஆக்சிஜன் குறைவா, ரெம்டெசிவிரா, எங்கள் 4,100 மில்லிகிராமா, சீந்திலா என்று கேட்டோம். “எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இருக்கலாம். எல்லாத்தையும் நிறுத்தினோம், இறங்கிடுச்சு” என்றார் மருத்துவர்.

மாமா இப்போது நலமாக இருக்கிறார். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அத்தை அந்தக் கோப்பையும் எடுத்துக்கொண்டு போகிறார். முதல் தாள் அன்றிரவு எழுதிய பட்டியல். நீல மையில், வரிசை எண்ணோடு, ஒழுங்கான கையெழுத்து. அடியில் எண் இல்லாமல், கறுப்பு மையில், ஓரத்தில் இடமில்லாததால் சாய்த்து நெருக்கி எழுதிய ஒரு வரி இருக்கிறது: ‘சீந்தில் பொடி, காலை மாலை ஒரு தேக்கரண்டி, ஒரு மாதமாக.’