காருக்குள் சப்தம்

நமது தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. பேச்சில் அவருக்கு நிகரானவர் தாராபுரம் தாலுக்காவிலேயே இல்லை என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். அப்படிப்பட்டவர், மாதம் ஒரு முறை நாம் அவரைக் கோயம்புத்தூருக்கு டாக்டரிடம் அழைத்துச் செல்லும் தினத்தில் மட்டும், ஊர் எல்லை தாண்டியதும் மௌன விரதம் பூண்டுவிடுவார். தேக நிலைதான் சரியில்லையோ என்று பல மாதம் கவலைப்பட்டோம். ஒரு நாள் பல்லடத்தில் காப்பி சாப்பிட வண்டியை நிறுத்தியபோது உண்மை வெளிவந்தது.

"நீ சொல்றது ஒண்ணும் எனக்குக் கேக்கறதில்லை கண்ணு. நான் ஒண்ணு சொல்லி, நீ ஒண்ணு சொல்லி, எதுக்கு வம்பு? அதுதான் பேசாம உக்காந்துக்கறேன்" என்றார்.

நம்முடைய கார் மிகச் சிறியது. இன்னொருவர் பல வருஷம் ஓட்டிய பிறகு நம் கைக்கு வந்தது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் பேசுவது தறிக்குடோனில் நின்று பேசுவதற்குச் சமானம். முதுமையில் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதியுள்ள ஓசைகளை. ச, த, ப போன்ற எழுத்துக்கள் அதனால் மங்கிப்போகும். மிச்சத்தை டயரின் இரைச்சல் விழுங்கிவிட்டால், பேசுகிறவனுடைய வாய் அசைவதுதான் தெரியும்.

பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று இருபது வருஷமாக அதையே பிள்ளைகளுக்குப் போதித்து வரும் நாம், இந்த விஷயத்தில் செய்த முதற்காரியத்தைச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. யோசிக்காமல் ஒரு கடைக்குப் போய், விலை மலிவாயிருக்கிறதென்று தார் பூசிய தகடுகளைக் கூரையின் உட்புறம் ஒட்டச் செய்தோம். சித்திரை பிறந்தது. நமது ஊர் வெயிலில் தார் இளகி, கூரைத் துணி தொப்பை விழுந்தது. வண்டிக்குள் புதிதாய்ச் சாலை போடுவது போன்ற வாசனை. தாயார் மூக்கைப் பொத்திக்கொண்டதால் இருந்த பேச்சும் போயிற்று.

பிறகுதான் பாடப் புஸ்தகம் ஞாபகத்துக்கு வந்தது. பள்ளிக்கூட மணியை அடித்துவிட்டு விரலால் தொட்டால் நாதம் சட்டென்று அடங்குகிறதல்லவா? காரின் மெல்லிய இரும்புத் தகடும் மணிதான். அதைத் தொட்டுக்கொண்டேயிருக்கும் விரல் ஒன்று வேண்டும். பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் ஒட்டியதாய்க் கடைகளில் 'டேம்பிங் ஷீட்' என்று விற்கிறார்களே, அதுதான் அந்த விரல். தகடு அதிரும்போது நடுவிலுள்ள ரப்பர் இழுபட்டு, அதிர்வை எள்ளளவு உஷ்ணமாக மாற்றிவிடுகிறது. வெயிலுக்கும் இது எளிதில் இளகாது. சதுர மீட்டருக்கு இரண்டு முதல் நான்கு கிலோ வரை கனக்கும். ஆனால் தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுப்பாகத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தால் 'டங்' என்றது 'தொப்' என்று மாறும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

ஆனால் அதிர்வை அடக்குவது ஒன்று. காற்றில் வரும் ஓசையை உறிஞ்சுவது வேறு. 1895-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில், பேச்சே விளங்காத ஒரு பிரசங்க மண்டபத்தைச் சீர்திருத்தும் பொறுப்பு வாலஸ் ஸபைன் என்ற இளம் உபாத்தியாயரிடம் வந்தது. அவர் இரவுதோறும் பக்கத்து அரங்கிலிருந்து ஆசன மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஓசை எத்தனை விநாடியில் அடங்குகிறதென்று கணக்கிட்டார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். ஓசையை விழுங்குவது இழைகளுக்கு நடுவேயுள்ள காற்று வெளிகளே. இழைக்குத் திருப்பூர்ச் சீமையில் பஞ்சமா?

நம்மிடம் படிக்கும் ஒரு பையனின் தகப்பனார் பனியன் வேஸ்ட் வியாபாரி. "சார், ஒரு மூட்டை எடுத்துக்கிட்டுப் போங்க, கதவுக்குள்ள திணிச்சிருங்க" என்றார். திணித்தே இருப்போம். நல்ல வேளையாக, வண்டி பழுது பார்க்கும் தம்பி கதவைக் கழற்றி அடியிலுள்ள சிறு துவாரங்களைக் காட்டினார். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியே மழைநீர் கதவுக்குள் புகுந்து அந்தத் துவாரங்கள் வழியே வெளியேறுகிறது. அங்கே பருத்தித் துணியைத் திணித்தால் ஈரம் தங்கி, ஓசை அடங்குமுன் கதவு துருப்பிடித்து உதிரும். ஆகவே கதவில் ரப்பர்த் தகட்டையும், நீர் குடிக்காத நுரைத் தகட்டையும் மட்டுமே வைத்தோம்; துவாரங்களை மூடவில்லை.

கழிவுத் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, ஊசியால் குத்தி இறுக்கிய ஃபெல்ட், நனையாத இடத்தில், அதாவது தரை விரிப்புக்கு அடியில், உத்தமமானது. புதுக் கார்களின் விரிப்புக்கு அடியிலும் இவ்வகை ஃபெல்ட்டைக் காணலாம். யாரோ ஒருவருடைய பனியனின் மிச்சம் நம் காலடியில் கிடந்து டயரின் கூச்சலை விழுங்குவதை நினைத்தால் நமக்குச் சந்தோஷமாயிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவிடுக்கில் ஊளையிட்டது. அதற்கு எந்தத் தகடும் பயன்படவில்லை. இறுகிப்போன கதவு ரப்பரை மாற்றியதும் நின்றது. அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். செலவும் அதற்குத்தான் மிகக் குறைவு.

கைபேசியில் அளந்து பார்த்ததில் மொத்தமே நாலைந்து டெசிபல்தான் குறைந்திருந்தது. இதற்கா இத்தனை பணம் என்று மனம் சோர்ந்தது. மறு மாதம் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டோம். குண்டடம் அருகே ஒரு லாரி குறுக்கே வந்தது. வழக்கம்போல் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தோம்.

பின் ஆசனத்திலிருந்து குரல் வந்தது: "ஏங் கண்ணு, பள்ளிக்கூடத்துப் பசங்க முன்னாலயும் இப்படித்தான் பேசுவியா?"

அங்கே ஆரம்பித்தவர் ஆஸ்பத்திரி வாசல் வரையில் நிறுத்தவில்லை.