மாரிக்கு மலையேறும் வான்

புரட்டாதி பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் தொடங்கும். ஒன்று, கூரையின் ஓட்டைகளை அடைப்பது. மற்றது, பழைய வானைப் பதுளைப் பக்கம் கொண்டுபோய் விடுவது. "மாரிக்கு மாட்டுப் பட்டியை மேட்டுக்குச் சாய்க்கிற மாதிரி நீ வானைச் சாய்க்கிறாய்" என்று அயலார் சிரிப்பார்கள்.

அது 1970களில் செய்த வொக்ஸ்வாகன் கொம்பி. என் கணவர் பழைய இரும்பு விலைக்கு வாங்கித் திருத்தினார். பின் இருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்தார். கட்டிலுக்குக் கீழே சாமான் பெட்டி, ஜன்னலுக்குத் திரை, ஓர் அடுப்பு வைக்க இடம் என்று சிறிய வீடாகவே ஆக்கிவிட்டார். ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்து இரவில் அதிலேயே படுத்தெழும்பலாம் என்பது அவருடைய எண்ணம். 2007ஆம் ஆண்டு ஒரு காலை வெளியே போனவர் இன்றுவரை திரும்பவில்லை. வான் மட்டும் முற்றத்தில் நின்றது.

விற்றுவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் விற்கவில்லை, ஓட்டப் பழகினேன். இப்போது தை முதல் ஆவணி வரை, எங்கள் மகளிர் குழுச் சகோதரி ஒருவரும் நானும் சம்பள நாட்களையொட்டி ஊவாத் தோட்டங்களுக்குப் போகிறோம். குழுவினர் தைத்த சட்டை, பாவாடை, தலையணை உறை எல்லாம் லயன் வாசலிலேயே விற்றுவிடும். இரவில் கோயில் முற்றத்தில் வானை நிறுத்தி, அவர் அடித்த அந்தக் கட்டிலில்தான் நித்திரை.

மாரியில் அது நடக்காது. மட்டக்களப்பில் வெள்ளம், மலையில் மண்சரிவு. எனவே வானை எங்காவது ஓய்வாக வைக்க வேண்டும். முதலில் வீட்டு முற்றத்திலேயே வைத்துப் பார்த்தேன். 2011 ஜனவரிப் பெருவெள்ளம் கதவுவரை வந்தது. கொம்பிக்கு எஞ்சின் பின்பக்கம், தாழ்வாக இருக்கிறது. சேற்றுத் தண்ணீர் குடித்த அந்த எஞ்சினைத் திருத்த இரண்டு சீட்டுக் காசு போனது. அதன் பிறகுதான் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் அக்கா, "இங்க கொண்டாந்து விடு தங்கச்சி, மழ பேஞ்சாலும் தண்ணி நிக்காது" என்றார்.

செங்கலடியில் தொடங்கும் அந்தப் பாதை கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிப் பதுளையைத் தொடுகிறது. எனக்கு அது வெறும் பாதையல்ல. நான் பதுளைத் தோட்டத்தில் பிறந்தவள். 1983 ஜூலைக் கலவரம் பதுளை நகரையும் எரித்தபோது எனக்குப் பத்து வயது. சில நாட்களில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு இதே பாதையால்தான் இறங்கினார். கலியாணம் முடித்திருந்த அக்கா மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். இறங்கிய பாதையில் நானே வானை ஓட்டிக்கொண்டு ஏறுவேன் என்று அன்று யார் நினைத்தார்?

லுணுகலை தாண்டினால் முதலாம், இரண்டாம் கியர்தான். கொம்பி எஞ்சின் காற்றால் குளிர்வது. றேடியேற்றரும் இல்லை, அதற்குத் தண்ணீரும் இல்லை. ஆகவே இடையிடையே நிறுத்தி ஆறவிடுவேன். 2036 மீற்றர் உயர நமுனுகுல மலை தெரியத் தொடங்கும். ஆடி, ஆவணியில் இந்த மலைகளைத் தாண்டி வரும் வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன வாசனையைக் கொடுக்கிறது. மட்டக்களப்பில் நம் தோலை எரிக்கும் கச்சான் காற்றும் இதே காற்றுத்தான். அக்காவுக்கு அது கொழுந்து வாசம், எனக்கு அது புழுக்கம். ஐப்பசியில் காற்றுத் திரும்பிவிட்டால் இருவருக்கும் மழை.

அத்தான் தொழிற்சாலை லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர். வானை உறங்க வைக்கும் முறையை அவரிடம்தான் கற்றேன். சைக்கிளோ முச்சக்கர வண்டியோ வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் இதில் சில உதவும்.

முதலில் அடிப்பாகத்துச் சேற்றை முழுவதும் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட வேண்டும். ஒட்டிய சேறு ஈரத்தைப் பிடித்து இரும்பைத் தின்னும். எஞ்சின் எண்ணெயை வைக்கும்போதே மாற்ற வேண்டும், எடுக்கும்போது அல்ல. பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் மாதக்கணக்கில் உள்ளேயிருந்து அரிக்கும். பெற்றோல் தாங்கியை நிரப்ப வேண்டும். பாதி வெறுமையான தாங்கி மலைக்குளிரில் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பெற்றோல் போகும் றப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டும். கொம்பிகள் தீப்பிடிப்பதற்கு அந்தக் குழாய்கள் ஒரு முக்கிய காரணம்.

பற்றரியைக் கழற்றிப் பலகைமேல் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் பண்ண வேண்டும். கழற்றும்போது கழித்தல் பக்கம் முதலில். கைப் பிறேக்கை இழுத்து வைத்தால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்; அதை விட்டுவிட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். பொலித்தீனால் இறுக மூடக்கூடாது. உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தகரக் கூரைக்குக் கீழே பழைய சேலையால் மூடி, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும். எலி புகாமல் புகைக்குழாயில் துணி அடைத்து, அதை மறக்காமலிருக்க ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டுவார் அத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடம். முன்பு கொட்டில், மண் வெட்டிய சரிவின் அடியில் இருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போன பிறகு, அத்தான் அதைப் பிரித்து மேட்டில் கட்டினார். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வெளியேற வேண்டும். இது வானுக்கு அல்ல, மனிதருக்கு.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மழை பதுளை மாவட்டத்தைப் புரட்டியது. மண்சரிவில் பலர் மாண்டார்கள். இரண்டு நாள் அக்காவின் தொலைபேசி கிடைக்கவில்லை. ஒருவரைத் தேடிக் காத்திருப்பது என்னவென்று நமக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் 2007தான். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது.

"ஒன் வானு அப்படியே நிக்குது தங்கச்சி."

"வானை விடு அக்கா! நீங்க எல்லாரும் இருக்கீங்களா?"

"இஸ்கூல்ல இருக்கோம். எல்லாரும் இருக்கோம்."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை.

போக்குவரத்துச் சீரானதும் பஸ்ஸில் போனேன். சிவப்புத் துணியை அவிழ்த்தோம், புகைக்குழாயைத் திறந்தோம், பற்றரியைப் பூட்டினோம். முதல் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை எஞ்சின் பிடித்தது. அக்காவின் பேத்தி கைதட்டினாள்.

விற்றிருந்தால் அந்தக் காசு எப்போதோ கரைந்திருக்கும். ஒவ்வொரு மாரியிலும் கழுவி, காயவைத்து, மூடி வைத்ததால்தான் ஏழெட்டுப் பெண்கள் தைத்த துணி இன்றும் மலையேறுகிறது. அவர் வந்தால் முதலில் கேட்பது வானைத்தான். ஓடுகிறது என்று சொல்வேன்.