நிலக்காட்சியில் மறைந்த மாந்தர்

மரமும் மலையும் வானும் எவருக்கும் பகையல்ல. ஆதலால் நிலக்காட்சி ஓவியம் அரசியலுக்கு அப்பாற்பட்டதென்று பலர் கருதுவர். ஆயின், குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபடும் சமுதாயமொன்று தன் தேசிய உருவை நிலத்திற் காண முற்படுகையில், அந்நிலத்தில் எவர் காட்டப்படுகின்றனர் என்னும் வினா எழுந்தே தீரும். இதற்கு அவுஸ்திரேலியா தக்கதோர் உதாரணமாகும்.

அந்நாட்டிற் குடியேறிய தொடக்ககால ஓவியர் பலர் அதனை ஐரோப்பியக் கண்கொண்டே நோக்கினர். 1880களில் ரொம் ரொபேட்ஸ், ஆதர் ஸ்ட்ரீட்டன் முதலியோர் மெல்பேர்ண் நகரையடுத்த ஹைடல்பேர்க் பகுதியில், திறந்தவெளியில் நின்று வரையலாயினர். 1889இல் அவர்கள் நடத்திய கண்காட்சியிற் பல ஓவியங்கள் சுருட்டுப் பெட்டி மூடிகளிலே தீட்டப்பட்டிருந்தன. கண்கூசும் வெயில், உலர்ந்த பொன்னிறப் புல், தொலைதூர நீலமலை ஆகியன ஓவியத்திற்கு உரிய பொருளாயின. 1901இற் கூட்டாட்சி உருவானதன் பின்னர், இங்கிலாந்தினின்றும் வேறுபட்ட ஒரு தேசத்தின் முகமாக இக்காட்சிகள் போற்றப்பட்டன.

இச்சாதனை மறுக்கற்பாலதன்று. எனினும், அவ்வெயிலில் மரம் வெட்டுவோரும் ஆடு மேய்ப்போரும் வெள்ளையரே. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகளை அவ்வோவியங்களிற் காண்பது அரிது. நிலத்தை முதற்பொருளாகவும் அதன் மாந்தரையும் தெய்வத்தையும் கருப்பொருளாகவும் இணைத்து நோக்கும் திணைமரபிற் பயின்றோர்க்கு இவ்வின்மை எளிதிற் புலப்படும். குடியேற்றத்தின்போது நாடு உரிமையாளரற்றுக் கிடந்தது என்ற சட்டக் கொள்கைக்கு, ஓவியரின் நோக்கம் யாதாயினும், இவ்வெறுநிலக் காட்சிகள் துணைநின்றன எனலாம்.

1902இற் பிறந்த அரெர்ண்டா இனத்தவரான அல்பேட் நமத்ஜிரா, 1936இல் ரெக்ஸ் பட்டர்பி என்னும் ஓவியரிடம் நீர்வர்ணக் கலை பயின்றார். 1938இல் மெல்பேர்ணில் நடைபெற்ற அவரது கண்காட்சியில் ஓவியங்கள் அனைத்தும் விற்பனையாயின. ஐரோப்பிய முறையின் வெறும் பின்பற்றல் என விமர்சகர் சிலர் இகழ்ந்தனர். அவர் வரைந்த மலைகளோ அவருடைய முன்னோரின் பூமி. அம்மலைகள் வெள்ளையர் இல்லச் சுவர்களை அலங்கரித்த காலத்திலும், அவற்றை வரைந்தவருக்கு மேய்ச்சல் நிலம் குத்தகைக்குத்தானும் கிடைக்கவில்லை. 1957இலேயே அவருக்கு முழுக் குடியுரிமை வழங்கப்பட்டது. மறுவருடம், உறவினரொருவருக்கு மது வழங்கினாரெனத் தண்டிக்கப்பட்டார். பகிர்ந்துண்ணல் அவர் குலத்தின் கடமை. சட்டத்தின் கண்ணில் அது குற்றம். பப்புன்யா என்னுமிடத்தில் தண்டனையை அனுபவித்தபின், 1959 ஓகஸ்டில் அவர் காலமானார்.

அதே பப்புன்யாவில் 1971இல் புதியதோர் ஓவிய இயக்கம் தோன்றியது. முன்னோர் நடந்த வழிகளும் நீர்நிலைகளும் புள்ளிகளாகவும் வட்டங்களாகவும் அதில் வடிவம் பெற்றன. 1992இல் மாபோ வழக்கில் உயர் நீதிமன்றம் உரிமையாளரற்ற நிலமென்னும் கொள்கையை நிராகரித்தது. 1997இல் மேற்குப் பாலைவன மக்கள் கூடித் தீட்டிய 'ங்குர்ராரா' என்னும் பெருந்திரை, அவர்தம் நில உரிமைக் கோரிக்கைக்குச் சான்றாக முன்வைக்கப்பட்டது. 2007இல் அவ்வுரிமை ஏற்கப்பட்டது.

ஒரு காலத்தில் மாந்தரை மறைத்த நிலக்காட்சி, பிறிதொரு காலத்தில் அவர்களுக்காகச் சாட்சி கூறியது. ஆதலின், ஒரு தேசம் தன் நிலத்தை எத்துணை அழகுறத் தீட்டியுள்ளது என்பதோடு, எவரை விடுத்துத் தீட்டியது என்பதையும் ஆராய்தல் கலை பயில்வோரின் கடனாகும்.