கறையின்மேல் ஒரு பூ

வளையத்தில் இறுக்கிய துணிக்குள் ஊசி இறங்கும்போது ‘டுப்’ என்று ஒரு சத்தம் வரும். பின்னாலேயே நூல் இழுபடும் ‘சர்ர்’. மத்தியானக் கஞ்சி குடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, வராந்தாவில் இந்தச் சத்தம் மட்டும்தான் இருக்கும். குமரி மாவட்டத்தில் முளகுமூட்டைச் சுற்றிய ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டாம். அவர்கள் இப்போது மஸ்கட்டில் இருக்கலாம், குவைத்தில் இருக்கலாம். என்னைப் போல ஷார்ஜாவில் ஒன்பதாம் மாடியில், ஏசியின் ஒரே சீரான இரைச்சலுக்குள் இருக்கலாம். காதுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஊசி வெறும் வீட்டுப் பொருள் அல்ல. 1819 டிசம்பரில் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்டர் முளகுமூட்டுக்கு வந்து, அங்கிருந்த அநாதைப் பிள்ளைகளின் பொறுப்பை ஏற்றார். அங்கே கன்னியர் மடத்தில் வளர்ந்த பூத்தையல் மெல்ல மெல்ல அக்கம்பக்கத்து வீடுகளின் வராந்தாக்களுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் அம்மச்சியின் வராந்தாவுக்கும்.

அந்த வராந்தாக்களில் பெண்கள் தைத்த மேசைவிரிப்புகளும் கைக்குட்டைகளும் கடல் கடந்து போயின. எந்த வீட்டு மேசையில் அவை விரிந்தன என்று தைத்தவர்களுக்குத் தெரியாது. நல்ல துணி, நல்ல நூல், நல்ல கண் எல்லாம் அதற்கே செலவானது. வீட்டில் உடுத்தவை வெறும் வெள்ளைச் சட்டைகள். மல் துணி எடுத்து, கையாலேயே வெட்டி, கையாலேயே மூட்டிய சட்டைகள். ஒரு கோடு கிடையாது, ஒரு பூ கிடையாது. கறை பட்ட பிறகோ கிழிந்த பிறகோதான் அவற்றுக்குப் பூ வந்தது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

கொல்லாம்பழத்தின் சாறு வெள்ளைத் துணியில் பட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். துவைக்கத் துவைக்கக் கறுத்துக்கொண்டே போகும். “கறை போவாது மக்களே. போவாத எடத்துல பூ வச்சிர வேண்டியதுதான்” என்பாள் அம்மச்சி. பூ மாதிரியை வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தித் துளையிட்ட தாள் ஒன்று பைபிளுக்குள் இருக்கும். அதைச் சட்டையின்மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சால் ஒற்றித் தேய்ப்பாள். தாளை எடுத்தால் துணியில் புள்ளி புள்ளியாக ஒரு பூ. கறை நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஆறு இழை ஆங்கர் நூலில் இரண்டை மட்டும் பிரித்தெடுப்பாள். முதலில் கறையின்மேல் நெருக்கமாகச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல். அதற்குக் குறுக்கே, மேலே, இழைக்கு இழை ஒட்டினாற்போல் சாட்டின் தையல். இதழ் லேசாக மேடு தட்டி நிற்கும், விரலால் தடவினால் தெரியும். காம்புத் தையல் கீழே வளைந்து இறங்கும். வெள்ளையில் வெள்ளை. எங்கே கறை இருந்தது என்று அவளிடமே கேட்க வேண்டும். முடித்ததும் துணியைத் திருப்பிப் பார்ப்பாள். பின்பக்கம் ஒரு முடிச்சு தெரிந்தாலும் அதைப் பிரித்துவிடுவாள். நாலு வருசம் உழைத்த சட்டைக்கு, யாரும் பார்க்காத உள்பக்கத்துக்கு, அவ்வளவு மரியாதை.

அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று இங்கே வந்த பிறகுதான் யோசிக்கிறேன். நம் மாவட்டத்தில் சட்டை என்பது கடையில் வாங்கிய பொருளாக மட்டும் இருந்ததில்லை. மார்பை மறைக்கத் தோள்சீலை போடும் உரிமைக்காகப் பெண்கள் போராடியபோது, சந்தைகளில் அவர்களின் சட்டைகள் கிழிக்கப்பட்ட மண் அது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்பு நாடார் பெண்கள் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்றது. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. அந்தப் பெண்களின் பேத்திகளுக்கும் பேத்திகளின் பிள்ளைகளுக்கும் ஒரு வெறும் வெள்ளைச் சட்டை எப்படி வெறுமையாகத் தெரியும்? கிழிந்தது என்று எப்படி எறிவார்கள்? பூ வைத்தார்கள்.

இங்கே என் அலமாரியில் துணி நிறைந்து கிடக்கிறது. கீழே இறங்கினால் தையல்கடை. கழுத்தைச் சுற்றி மெஷினில் பூப்போட்டு மறுநாளே தந்துவிடுகிறார்கள். நேர்த்தியாகத்தான் இருக்கிறது. எல்லாப் பூவும் ஒரே அளவு. கறை எங்கே என்று அவர்கள் கேட்பதில்லை. கறை பட்டதைத்தான் நாமே குப்பைப் பையில் கட்டிவிடுகிறோமே.

போனவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. அம்மச்சி காலையிலேயே என்னை உட்காரவைத்து, ஊசிகளில் நூல் கோத்து வாங்கி, சுவரில் தொங்கும் காலண்டரின் அட்டையில் வரிசையாகக் குத்தி வைப்பாள். மத்தியானம் அவள் கண்ணுக்கு ஊசிக்காது தெரியாது. “ஒன் கண்ணக் கொஞ்சம் எனக்குத் தா மக்களே.” அந்தக் குரல் போனது. பொழுது சாயச் சாய, வெயிலோடு வராந்தாவின் மேற்குப் படிக்கு நகர்ந்து நகர்ந்து உட்காரும் அந்த ஒழுங்கு போனது. தைக்கிற கைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம், அது போயே போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் ஒரு கை இப்படி இருந்திருக்கும். கொட்டாரத்திலோ, நெய்யூரிலோ, வடசேரியிலோ. அது தைத்த ஏதோ ஒன்று உங்கள் பெட்டியின் அடியில் மடித்துக் கிடக்கும், உடுத்தவும் முடியாமல், கொடுக்கவும் மனமில்லாமல்.

நானும் அப்படி ஒரு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் தைக்கிறேன். தோள்மூட்டில் நைந்த இடம். சாட்டின் தையலை வீடியோவில் சொல்லித் தருகிறார்கள், நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். இதழ் மேடு தட்டி வருகிறது. பின்பக்கமும் சுத்தமாகவே இருக்கிறது. ஆனால் முடித்த சட்டையை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு கையாலும் ஒருதரம் இழுத்துப் பார்த்து, “இனி ஒரு மூணு வருசம் கெடக்கும்” என்று சொல்ல ஒருத்தி வேண்டும். அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டால் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.