சார் வாங்கச் சொன்ன தொலைநோக்கி



போன வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். "கப்பல் பார்க்கவா சார்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கப்பல் பார்க்க வாங்கியதில்லை. நான் செய்த ஒரு தப்பு அப்படி முக்காலியில் நிற்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் விசைப்படகில் பங்குக்குப் போகிறான். அவன் மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்துப் பழகி, இப்போது அங்கே ஒரு ரைபிள் கிளப்பில் 25 மீட்டரில் .22 பிஸ்டல் சுடுகிறாள். துப்பாக்கி கிளப்புடையது. ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று மட்டும் சொந்தமாக இருந்தால் நல்லது என்றாளாம். "லென்ஸ் சமாச்சாரம், நீங்கதான் சார் சொல்லணும்" என்று மார்ச் மாதம் வந்து நின்றான். முப்பது வருஷம் ஒளியியல் நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும்?

அது எதற்கு என்று சிலருக்குத் தோன்றும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியபோது டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், பக்கத்திலேயே ஒரு திரை இருக்கும், குண்டு பட்ட இடம் அதிலேயே தெரிந்துவிடும். அது மின்னணு இலக்கு. சாதாரண கிளப்பில் இன்னும் காகிதம்தான். .22 குண்டின் துளை 5.6 மி.மீ. அதை 25 மீட்டரில் வைத்தால் கண்ணில் விழும் கோணம் ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்குகூட வராது. நல்ல கண்ணுக்கே அதுதான் எல்லை. அதிலும் 7-லிருந்து 10 வரையுள்ள வளையங்கள் முழுக்கக் கறுப்பு. கறுப்பில் துளையைத் தேடுவது இருட்டில் எறும்பைத் தேடுகிற மாதிரி. குண்டுகள் எந்தப் பக்கம் கூடுகின்றன என்று தெரிந்தால்தான் சைட்டைத் திருப்பிச் சரிசெய்ய முடியும்.

இதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் தெரிந்திருந்தது. தேர்ந்தெடுத்ததில்தான் கோட்டை விட்டேன். 25-லிருந்து 75 மடங்கு, 70 மி.மீ. பொருளருகு லென்ஸ், நேர்க்குழல். பெட்டியின் மேல் "75" என்று போட்டிருந்ததைப் பார்த்து நானும் மயங்கினேன். பெரிய எண் நல்ல எண் என்று நினைக்கும் பையன்களை எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! அவன் தடைக்காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த காசில் வாங்கினான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கடலுக்குப் போகாது, வருமானமும் கிடையாது. அது தெரிந்தும் சொன்னேன்.

மே மாதம் பாப்பா விடுமுறைக்கு வந்தாள். "எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் தெரியுது தாத்தா" என்று இழுத்தாள். அப்பனுக்கு எதிரில் சொல்லத் தயக்கம். அவன் டீ வாங்கப் போனதும் சொன்னாள்: "ஆனா அதைப் பார்க்கறதுக்குள்ள என் கால் நகர்ந்துடுது."

எனக்குப் புரியவில்லை. நின்று காட்டச் சொன்னேன். ஒரு கையை நீட்டி, மற்றதைப் பையில் விட்டு, பக்கவாட்டில் நின்றாள். அந்த நிற்பில்தான் எல்லாம் இருக்கிறதாம். கண்ணை மூடித் திறந்தாலும் கை இலக்கின் மேலேயே இருக்கும்படி பாதத்தை அமைத்துக்கொள்வார்கள். நேர்க்குழலில் பார்க்க அவள் இடுப்பை வளைத்து, கழுத்தை நீட்டிக் குனிய வேண்டியிருந்தது. பாதம் ஒரு விரற்கடை நகர்ந்தது. திரும்ப நிற்பை அமைக்க வேண்டும். ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம்தான். (மூன்று விநாடி மட்டும் இலக்கு முகம் காட்டும் இரண்டாம் பகுதியில் நடுவில் எட்டிப் பார்க்கவே நேரமில்லை.) போதாக்குறைக்கு அவள் கண்ணாடி போட்டவள். லென்ஸுக்கும் கண்ணுக்கும் 15 மி.மீ.யாவது இடைவெளி தராத கருவியில் கண்ணாடியோடு பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவுதான் தெரியும்.

மறுநாள் காலை கடற்கரையில் டேப் வைத்து 25 மீட்டர் அளந்தேன். கறுப்புச் சார்ட் பேப்பரில் பஞ்சால் துளை போட்டு, பின்னால் பழுப்பு அட்டை ஒட்டி, சவுக்கு மரத்தில் மாட்டினேன். 75-ல் வைத்தால் மங்கல். 70-ஐ 75-ஆல் வகுத்துப் பாருங்கள், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1 மி.மீ.கூட இல்லை. வெயில் ஏறியதும் மணலின் அனல் அலையையும் சேர்த்துப் பெரிதாக்கியது, துளைகள் நெளிந்தன. 25-க்குக் குறைத்ததும் பளிச்சென்று தெரிந்தது. அப்படியென்றால் மீதி ஐம்பது மடங்குக்கு எதற்குக் காசு? 20 மடங்கு இருந்தாலே 25 மீட்டர் 1.25 மீட்டர் ஆகிவிடுகிறது, நாலடி. இந்த வகுத்தல் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டிருக்கும்.

கடையில் திருப்பி எடுக்கவில்லை. கொடுத்த விலைக்கே நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "நீங்க அடிச்ச அடிக்கே நான் கணக்கு வச்சிக்கலை சார், இதுக்குப் போயா" என்று சிரித்தான். வாங்க மறுத்தான். பாப்பாதான், "அப்பா, வாங்கிக்க" என்றாள்.

இந்தத் தடவை அவளே கிளப்பில் நாலைந்து பேருடையதில் எட்டிப் பார்த்துவிட்டு எடுத்தாள். 20 மடங்கு, 50 மி.மீ., 45 பாகை சாய்ந்த கண்ணருகு லென்ஸ், கண்ணாடியோடு பார்க்க இடைவெளி. ஸ்டாண்டை உயர்த்தி வைத்தால் தலையை லேசாகச் சாய்த்தால் போதும், கால் அசையாது. விலை முந்தையதில் பாதி. ஒவ்வொரு குண்டுக்கும் பார்ப்பதையும் விட்டுவிட்டாளாம். ஐந்தும் சுட்ட பிறகு ஒரே பார்வை. ஒரு குண்டைப் பார்த்துத் திருத்தப் போனால் அடுத்தது எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்கிறாள்.

பழையது திண்ணைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வந்து நிலாவின் குழிகளைப் பார்க்கிறார்கள். ஜூன் 15 விடிந்ததும் துறைமுகத்திலிருந்து படகுகள் போவதை நான் அதில் பார்த்தேன். 25 மடங்கில்தான். நாலாவது படகின் அணியத்தில் அவன் நின்றான், திண்ணை இருக்கும் பக்கமாகக் கையை ஆட்டிக்கொண்டு.