மானிப்பாயில் ஒரு கட்டில்

அப்பாவுக்குப் பாரிசவாதம் என்ற செய்தி ஒஸ்லோவில் என்னை எட்டியபோது அவர் ஏற்கெனவே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இருந்தார். விடிந்து நெடுநேரமாகியும் கதவு திறக்காததைக் கண்ட பக்கத்து வீட்டு அக்கா, பின்கதவால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு 1990க்கு அழைத்திருக்கிறார். அந்த இலக்கத்துக்கு அழைத்தால் காசு வாங்காத அம்புலன்ஸ் வாசலுக்கு வரும். 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த சேவை. என் வயதுக்காரருக்கு 1990 என்றால் கோட்டை முற்றுகை, குண்டுவீச்சு, இருண்டுபோன வீடுகள். இன்று ஊர்ப்பிள்ளைகளுக்கு அது உயிர் காக்கும் இலக்கம். அதை நினைக்க விமானத்தில் எனக்குக் கண் கலங்கியது.

இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். நித்திரையில் வந்தது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? அந்த மருந்துக்கு இடமில்லாமல் போயிற்று. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சுக் குழறியது. ஆனால் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது.

எண்பதுகளில் நோர்வேயில் படிக்க இடம் கிடைத்துப் போன பொடியன்களில் நானும் ஒருவன். வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு ஒஸ்லோவில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. அந்த வேலையில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். அந்த நாட்டில் இயலாதவர்களைப் பார்ப்பது நகரசபையின் கடமை. வீட்டுக்குத் தாதி வருவார். அதுவும் போதாதென்றால் இல்லத்தில் ஒரு கட்டில் கிடைக்கும். அந்தக் கட்டில்களில் கிடந்த யார் யாருடையவோ தாய் தகப்பனைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, ஊட்டித்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன். அம்மா செத்தபோது போர். பாதை பூட்டிக் கிடந்தது. இந்த முறை சென்னையால் வந்து பலாலியில் இறங்கினேன். அந்தக் காலத்தில் ஊரைவிட்டுப் போகும்போது யாழ்தேவி ரயிலில் போனவன்.

அப்பா இருந்தது ஆண்கள் வாட்டு. இரவில் ஓர் ஆணை மட்டும் துணைக்கு நிற்க விடுவார்கள். மகள்மாரை மட்டும் பெற்றவர்களும் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருப்பவர்களும் காசுக்கு ஆள் பிடித்து விட்டிருந்தார்கள். மருந்து, பிறஷர், சேலைன் எல்லாம் நேரத்துக்கு நடந்தன. அத்தனை நோயாளிகளுக்கு நடுவில் அந்தத் தாதிமார் ஓடியாடி நின்றதை என்னைப் போன்ற ஒருவன்தான் சரியாக அளக்க முடியும். ஒரு சதம் யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் உடம்பு துடைக்கப் போனபோது அப்பா இடக்கையால் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் படிப்பித்த மனிதர். மகன் கண்ணில் அப்படிப் படுவது அவருக்குப் பொறுக்கவில்லை. நான் வேலையிடத்தில் செய்வதைத்தான் செய்தேன். போர்வையால் மூடி, கழுவுகிற பாகத்தை மட்டும் திறந்து, ஒவ்வொன்றும் செய்யமுன் சொன்னேன்: “இப்ப முதுகு துடைக்கப்போறன், அப்பா. தண்ணி இளஞ்சூடுதான்.” கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்தது.

படுக்கையாகிவிட்டவரைப் பார்ப்பதற்குப் பாசம் வேண்டும், ஆனால் பாசம் மட்டும் போதாது. இதை ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே திரிந்தேன். அசைய முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதுகின் அடி, இடுப்பெலும்பு, குதிகால் என்று எலும்பு தோலை அமத்துகிற இடங்களில் இரத்த ஓட்டம் நின்றுவிடும். முதலில் சிவப்பு மட்டுந்தான் தெரியும். விரலால் அமத்திப் பார்க்க அது வெளிறவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. கெண்டைக்காலின் கீழ் ஒரு தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் விட்டாலே பாதி துன்பம் வராது. அந்தத் தலையணைக்கு என்ன செலவு?

சாப்பாடு இன்னொன்று. பாரிசவாதம் தொண்டையையும் தாக்கும். அப்போது சோற்றைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. சுவாசக்குழாய்க்குள் இறங்கி நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். பார்க்க வருகிறவர்கள் இளநீரும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். “வாய் காயுது பாவம்” என்று ஒரு மாமி இளநீரைப் பருக்க வந்தார். நான் தடுத்ததும் முகம் வாடிப்போயிற்று. அவர் கையிலேயே கரண்டியைக் கொடுத்தேன். ஆளை நிமிர்த்தி இருத்தி, நாடியைக் கொஞ்சம் தாழ்த்தி, தடிப்பான கஞ்சியில் சின்னக் கரண்டியால் ஒரு வாய். விழுங்கியது தெரிந்த பிறகுதான் மற்ற வாய். அதற்குப் பிறகு என்னைவிட அவர்தான் நன்றாக ஊட்டினார்.

இரவில் அப்பாவுக்கு மனம் தடுமாறும். எழும்பிப் போக வேண்டும், ஆமி வருகுது என்பார். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய இராணுவம் இந்த ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகளோடு டொக்டர்மாரும் தாதிமாரும் செத்தார்கள். வருடாவருடம் அவர்களுக்கு இங்கே விளக்கேற்றுகிறார்கள். அதை அறிந்தவனுக்கு அப்பாவின் பயத்தைப் பிதற்றல் என்று தள்ள மனம் வராது. “அது முடிஞ்சுது அப்பா, நான் நிக்கிறன்” என்று கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

விழுங்குவது குறைந்தபோது மூக்கால் குழாய் விடுவதா என்ற கேள்வி வந்தது. அண்ணை கனடாவிலிருந்து உடனே விடச் சொன்னார். தங்கச்சி லண்டனிலிருந்து வேண்டாம் என்று அழுதாள். வட்ஸ்அப்பில் விடியவிடியக் கதை. டொக்டரும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “ஐயாவையே கேளுங்கோ டொக்டர், அவருக்கு விளங்கும்” என்றேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு அப்பாவின் இடப்பக்கம் இருந்து, எளிய தமிழில், குழாய் என்றால் என்ன, எவ்வளவு காலம், பிறகு என்ன என்று சொன்னார். மறுமொழி வர நெடுநேரம் எடுத்தது. “கொஞ்ச நாளைக்கு விடுங்கோ. தேறாட்டி எடுத்துப்போடுங்கோ.” அண்ணையும் தங்கச்சியும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. தொலைவில் இருக்கும் பிள்ளைகளின் அன்பு எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த உடம்பைப் பற்றிய முதல் சொல் அதற்குள் இருப்பவருடையது.

குழாய் எடுத்து, கஞ்சி இறங்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். ஓட்டுமடம், ஆனைக்கோட்டை தாண்டி மானிப்பாய். வழி நெடுக வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடி வீடுகள். பலவற்றில் ஒரு கிழவனும் கிழவியும், சிலவற்றில் ஒருவர் மட்டும். இலங்கையில் 100க்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள் என்று 2012 கணக்கெடுப்பே சொன்னது. பிள்ளைகள் கடல் கடந்துபோன எங்கள் பக்கத்தில் அந்தக் கணக்கைத் தெருவில் நின்றே எண்ணலாம். ஆஸ்பத்திரி வாசல்வரை மருத்துவம் இருக்கிறது, வீட்டுக்குள் பாசம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நோயாளியைத் தூக்கவும் திருப்பவும் கழுவவும் தெரிந்த கைகள்தான் இல்லை.

எங்கள் மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் இந்த ஊரில் எங்கள் பிள்ளைகளுக்கு மேலைமருத்துவம் படிப்பித்தார், பிறகு தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அப்படிப்பட்ட ஊரில் நோயாளியோடு வீட்டுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாவது வர வேண்டாமா? நானே கொப்பித் தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினேன்: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம், எங்கே சிவப்புப் பார்ப்பது, எப்படி ஊட்டுவது, எது கண்டால் 1990. வாட்டில் பழகிய இரண்டு குடும்பங்கள் வந்து அதைப் படம் எடுத்துக்கொண்டு போயின.

நோர்வேக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அப்பா தலையாட்டி மறுத்துவிட்டார். அயலூர்த் தம்பி ஒருவர் அவரோடு நிற்கச் சம்மதித்தார். வாட்டில் காசுக்கு நின்று பழகியவர். நான் நின்ற நாளெல்லாம் இருவருமாகச் செய்தோம். கக்கத்தில் பிடித்து இழுக்கக்கூடாது, தோள் கழன்றுவிடும். துணியை அடியில் விரித்து அதைப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று காட்டினேன். இரண்டாம் முறையே பிடித்துக்கொண்டார்.

சம்பளம் பேசும்போது, ஊரில் இவ்வளவுதான் கொடுக்கிறார்கள் என்றார் அண்ணை. நான் சம்மதிக்கவில்லை. எனக்கு ஒஸ்லோவில் இதே வேலைக்குச் சம்பளமும் லீவும் ஓய்வூதியமும் உண்டு. அப்பாவின் முதுகைப் புண் இல்லாமல் காக்கிறவருக்கு அதில் ஒரு பங்காவது நியாயம் வேண்டாமா? மூவருமாகப் பிரித்து, ஊர்க் கணக்கைவிடக் கூடப் போடுவதாக முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தனக்கு வேண்டும் என்றார் அந்தத் தம்பி. ஞாயிறுகளில் மாமியின் மகன் வந்து நிற்கிறான். திருப்புவதை அவனுக்கு இப்போது அந்தத் தம்பிதான் பழக்குகிறார்.