மிஞ்சப்பட்டவர்

‘குருவை மிஞ்சிய சிஷ்யன்’ என்ற தொடரை நாம் பாராட்டாகவே வழங்குகிறோம். அத்தொடரில் செயல் முழுவதும் சிஷ்யனுடையது. குரு இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்றுச் செயப்படுபொருளாய் ஓரத்தில் நிற்கிறார். மிஞ்சியவனுக்குப் பெயர் உண்டு. மிஞ்சப்பட்டவர் அதன்பின் என்ன ஆனார் என்று மொழிவழக்கு கேட்பதில்லை. மொழியியல் படித்த பழக்கத்தால் இத்தகைய வெற்றிடங்கள் என் கண்ணில் அடிக்கடி படுகின்றன. இந்த வெற்றிடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கார்லோஸ் மோயா என்ற டென்னிஸ் வீரர்.

மோயா 1976இல் ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவில், பால்மா நகரில் பிறந்தவர். 1997 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனின் முதல் சுற்றிலேயே நடப்புச் சாம்பியன் போரிஸ் பெக்கரை வீழ்த்தினார். அரையிறுதியில் மைக்கேல் சாங்கை வென்றார். இறுதியில் பீட் சாம்ப்ராஸிடம் நேர் செட்களில் தோற்றார். மறு ஆண்டு பாரிஸின் செம்மண் களத்தில் தம் நண்பர் அலெக்ஸ் கொரெட்ஜாவை வென்று பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தைப் பெற்றார். 1999 மார்ச் 15 அன்று உலகத் தரவரிசையில் முதலிடம். ஸ்பெயின் நாட்டு ஆடவர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய நாள் இண்டியன் வெல்ஸ் இறுதிப் போட்டியில் அவர் தோற்றிருந்தார் என்பது சுவையான முரண். தோல்வியோடு கிடைத்த முதலிடம். அதுவும் இரண்டே வாரங்கள் நீடித்தது. அதே ஆண்டு முதுகில் காயம் ஏற்பட்டு மாதக்கணக்கில் ஆட முடியாமற்போனது.

இங்கே ஒரு சிறு விலகல். மயோர்க்கா மக்களின் பேச்சுமொழி கட்டலன் மொழியின் ஒரு வட்டார வழக்கு. மோயாவின் பெயரை ஸ்பானிய மொழியில் எழுதினால் கடைசி உயிரெழுத்தின் மேலுள்ள சிறுகோடு ஒரு பக்கம் சாயும். கட்டலனில் எழுதினால் எதிர்ப்பக்கம் சாயும். அந்தச் சாய்வில் ஓர் அரசியலே அடங்கியிருக்கிறது. தமிழில் எழுதும்போது இந்தத் தொல்லை இல்லை. நம் நெடில் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. அதே தீவின் மனகோர் ஊரிலிருந்து வந்த இன்னொருவரின் குடும்பப் பெயருக்குக் கட்டலனில் ‘கிறிஸ்துமஸ்’ என்று பொருள். நடால் என்பதே அப்பெயர்.

ரஃபேல் நடால் மோயாவைவிடப் பத்து வயது இளையவர். நடால் சிறுவனாக இருந்தபோதே மோயா அவரோடு பயிற்சி ஆடினார். உலகின் முதலிடத்தைத் தொட்டுவந்த ஒருவர், தம் தீவின் பள்ளிச் சிறுவன் ஒருவனுக்கு எதிரே நின்று மணிக்கணக்கில் பந்தடித்தார் என்பதை எளிதாகக் கடந்துபோக என்னால் இயலவில்லை. சிறிய ஊர்களில் பெருமை ஒருவருக்குத்தான் போதுமானதாக இருக்கும். அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்பதை அவன் அடித்த பந்துகளின் கனத்திலிருந்தே மோயா அறிந்திருக்க வேண்டும். 2003 மே மாதம் ஹாம்பர்க் நகரில் இருவரும் முதன்முறையாகப் போட்டியில் சந்தித்தனர். மோயா அப்போது உலகின் முதல் பத்து வீரர்களுள் ஒருவர். நடாலுக்குப் பதினாறு வயது. நடால் இரண்டு நேர் செட்களில் வென்றார். அன்றே மோயா மிஞ்சப்பட்டவர் ஆகிவிட்டார் என்று சொல்லலாம். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. முன்னே ஏழாண்டு ஆட்டம் மீதமிருந்தது.

அந்த ஏழாண்டுகளை அவர் கழித்த விதத்தை அறிய 2004 டிசம்பரில் செவில் நகரில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியைப் பார்க்கலாம். எதிரணி அமெரிக்கா. ஒற்றையர் ஆட்டத்துக்கு முன்னாள் முதல்நிலை வீரர் ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோவை விலக்கிவிட்டுப் பதினெட்டு வயது நடாலைத் தேர்ந்தெடுத்தனர். தம்மினும் மூத்தவரின் இடத்தைப் பறிப்பதாக நடால் கூச்சப்பட்டதையும், தயங்காமல் போய் ஆடு என்று மோயா தேற்றியதையும் நடாலின் தன்வரலாற்றில் வாசிக்கலாம். நடால் ஆண்டி ராடிக்கை வென்றார். மூன்றாம் நாள் மோயா அதே ராடிக்கை வென்று கோப்பையை உறுதிசெய்தார். 2000ஆம் ஆண்டு ஸ்பெயின் முதன்முறையாக அக்கோப்பையை வென்றபோது இறுதி அணியில் மோயா இல்லை. எனவே செவிலின் வெற்றி அவருக்கு எத்தனை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வார இறுதியிலிருந்து உலகம் நினைவில் வைத்துக்கொண்டது பதினெட்டு வயதுச் சிறுவனைத்தான். (அன்று ஒற்றையரில் இடம்பெறாத ஃபெரேரோ பின்னாளில் கார்லோஸ் அல்கராஸ் என்ற சிறுவனை வளர்த்தெடுத்தார். அது தனியே எழுதப்பட வேண்டிய கதை.)

தமிழ் வாசகர்களுக்கு மோயாவின் பெயர் அந்நியமானதன்று. ஜனவரி மாத முதல் வாரத்தில் நுங்கம்பாக்கம் அரங்கில் நடந்துவந்த சென்னை ஓப்பனை அவர் 2004இலும் 2005இலும் வென்றார். இரண்டு முறையும் இறுதியில் எதிரே நின்றவர் தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசபன். இரண்டு முறையும் ஆட்டம் மூன்றாவது செட்டின் டை-பிரேக்கர் வரை சென்றே முடிந்தது. 2005ஆம் ஆண்டுப் போட்டி சுனாமி தாக்கிய மறு வாரம் நடந்தது. மெரினா அந்த அரங்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. தாய்லாந்தின் கரையையும் அதே அலைதான் தாக்கியிருந்தது. மோயா தம் பரிசுத்தொகையைச் சுனாமி நிவாரணத்துக்கு அளித்தார். 2006இல் மீண்டும் இறுதிவரை வந்து இவான் லூபிசிச்சிடம் தோற்றார்.

2008 ஜனவரியில் அதே அரங்கின் அரையிறுதியில் மோயாவும் நடாலும் மோதினர். மோயாவுக்கு முப்பத்தொரு வயது. நடால் அப்போது உலகின் இரண்டாம் நிலை வீரர். தொடர்ந்து மூன்று முறை பிரெஞ்சு ஓப்பனை வென்றவர். முந்தைய ஆண்டு பாரிஸில் மோயாவை நேர் செட்களில் வென்று, கடைசி செட்டில் ஒரு கேம்கூடத் தராமல் அனுப்பியவர். சென்னையில் அப்படி நடக்கவில்லை. முதல் செட் டை-பிரேக்கரில் மோயாவுக்கு. இரண்டாவது டை-பிரேக்கரில் நடாலுக்கு. அந்த இரண்டாவது டை-பிரேக்கரிலேயே மேட்ச் பாயிண்ட்கள் மோயாவின் கைக்கு வந்து நழுவின. மூன்றாவதும் டை-பிரேக்கர், வென்றவர் நடால். மூன்று செட் ஆட்டம் 3 மணி 54 நிமிடம் நீடித்தது. மறுநாள் இறுதியில் நடால் மிகைல் யூஸ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். வென்றவரின் கால்களில் மறுநாளைக்கென்று எதையும் மோயா மிச்சம் வைக்கவில்லை. சிறுவயதிலிருந்து தாம் ஊக்குவித்த பையன் என்பதற்காக ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் ஆடியிருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். மிஞ்சப்படுவதை ஏற்றுக்கொள்வது வேறு, தோற்றுக்கொடுப்பது வேறு.

காயத்தால் கால் ஒத்துழைக்காமற்போகவே மோயா 2010 நவம்பரில் ஓய்வு பெற்றார். மொத்தம் இருபது பட்டங்கள். 2014இல் ஸ்பெயினின் டேவிஸ் கோப்பை அணிக்குத் தலைவர் ஆனார். முன்னணி வீரர்கள் காயத்தாலும் பிற காரணங்களாலும் வராத நிலையில் ஜெர்மனியிடமும் பிரேசிலிடமும் அணி தோற்று முதல் தரப் பிரிவிலிருந்தே கீழே இறங்கியது. ஓராண்டுகூட நிறையாமல் அவர் விலகினார். 2016இல் கனடாவின் மிலோஸ் ரயோனிச்சுக்குப் பயிற்சி அளித்தார். ரயோனிச் அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதிக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் நடாலின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். நடாலுக்கு வயது முப்பது. மணிக்கட்டுக் காயம். கடைசியாகக் கிராண்ட் ஸ்லாம் வென்று இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று பலர் எழுதிக்கொண்டிருந்தனர்.

நடாலைக் குழந்தைப் பருவம் முதல் உருவாக்கியவர் அவருடைய சிற்றப்பா டோனி நடால். மோயா முதல் ஆண்டில் டோனிக்குப் பக்கத்தில் உட்கார வந்தவர்தான். டோனி விலகிய பிறகே முதன்மைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் நடாலை வேறொருவராக மாற்ற முயலவில்லை. வயதாகும் உடலுக்கு நீண்ட ஆட்டங்கள் ஆகா. ஆகவே சர்வீஸைக் கூர்மையாக்கி, அதை அடுத்து வரும் பந்திலேயே முந்திக்கொண்டு, புள்ளிகளைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதே அவர் வழி. மோயாவின் சொந்த ஆட்டமும் வலுவான சர்வீஸையும் ஃபோர்ஹேண்டையும் நம்பியதுதான். அவர் குழுவில் இருந்த காலத்தில் நடால் எட்டுக் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றார்: பாரிஸில் ஐந்து, நியூயார்க்கில் இரண்டு, மெல்போர்னில் ஒன்று.

மொழியியல் மாணவனாக என்னை ஈர்க்கும் செய்தி ஒன்று இதில் உண்டு. டேவிஸ் கோப்பையில் அணித்தலைவர் களத்தின் ஓரத்திலேயே அமர்ந்து வீரரோடு பேசலாம். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் ஆட்டங்களில் அப்போது அது குற்றம். ஆட்டம் தொடங்கிய பிறகு சொல்லோ சைகையோ கூடாது. நடுவர் கண்டால் எச்சரிக்கை. அந்தத் தடை 2022இல் சோதனை முறையில் தளர்ந்து, நடால் ஓய்வு பெற்ற பிறகு 2025இல்தான் விதிப்புத்தகத்திலிருந்து முறையாக நீங்கியது. ஆக, பேச உரிமை பெற்றிருந்த ஓராண்டில் மோயாவின் அணி எல்லாவற்றையும் இழந்தது. பேசக்கூடாது என்று விதி கட்டிப்போட்ட காலத்தில்தான் அந்த எட்டுப் பட்டங்களும் வந்தன. இதிலிருந்து ஒரு கோட்பாட்டை உருவாக்க நான் முனையவில்லை. ஓர் ஆய்வாளனுக்கு இரண்டு தரவுகள் போதா. எனினும் களத்தில் இருவரும் தங்கள் தீவின் வழக்கில் பேச முடியாதிருந்த அந்த மணிநேரங்களில், ஒருவர் மற்றவரின் முகத்திலிருந்து எதைப் படித்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

என் துறையிலும் மிஞ்சப்பட்டவர்கள் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நோம் சாம்ஸ்கிக்கு ஆசிரியராக இருந்தவர் செல்லிக் ஹாரிஸ். வாக்கிய அமைப்புகளுக்கிடையிலான மாற்று விதிகளைப் பற்றி முதலில் எழுதியவர் அவர்தான். மாணவர் அதே சொல்லை எடுத்துக்கொண்டு வேறொரு மாளிகை கட்டினார். ஹாரிஸ் தம் வழியிலேயே இறுதிவரை உழைத்தார். இன்று முதுகலை வகுப்பில் அவர் பெயர் பெரும்பாலும் ‘சாம்ஸ்கியின் ஆசிரியர்’ என்ற விளக்கத்தோடுதான் வருகிறது. நெறியாளர்களைப் பற்றி நாம் ஆய்வு விடுதிகளில் இரவெல்லாம் பேசுகிறோம். அவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள், எப்போது கையெழுத்திடுவார்கள் என்பதே பேச்சு. ஒரு காலத்தில் தாம் முதன்மையாக இருந்த களத்தில் நம்மை ஆடவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது அவர்களுக்கு எப்படியிருக்கும் என்று நம்மில் யாரும் கேட்டு நான் கண்டதில்லை.

2022 ஜனவரி 30. மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிப் போட்டி. நடால் டேனியல் மெத்வதேவிடம் முதல் இரண்டு செட்களையும் இழந்திருந்தார். மூன்றாவது செட்டில் 2-3. அவருடைய சர்வீஸில் 0-40. மோயா வீரரின் குழுவுக்குரிய இருக்கைகளில் இருந்தார். சட்டப்படி அவரால் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. அங்கிருந்து நடால் மீண்டு மூன்று செட்களையும் வென்றார். 5 மணி 24 நிமிடம். ஆடவர் டென்னிஸில் அதுவரை எவரும் எட்டாத இருபத்தோராவது கிராண்ட் ஸ்லாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, இருபது வயதில், மோயா சாம்ப்ராஸிடம் தோற்றதும் அதே அரங்கில்தான்.